பைக்கை விட்டதற்கு ஒரு மொட்டை

"எதுக்கும்மா முடி இறக்குறீங்க?" என்று கேட்டார், கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டிருந்தவர்.

பழனி அடிவாரத்தில், முடி இறக்கும் மண்டபத்தில், எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் இது. பதில் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை. தலை ஆடாமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பது.

"வீட்டுக்காரரு பைக்கை விட்டுட்டாருங்க. அதுக்கு," என்றாள் புவனா.

கத்தி நின்றது. "குடியை விட்டதுக்கு இறக்குவாங்க. சீட்டை விட்டதுக்குக்கூட இறக்கியிருக்கேன். பைக்கை விட்டதுக்கா?"

"பைக் ரேஸ் ஓட்டுறவருங்க அவரு."

"அப்படிச் சொல்லுங்க," என்று அவள் தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார். "அதுவும் ஒரு குடிதான்."

பாதித் தலை முடிந்தபோது மடியில் இருந்த போன் அதிர்ந்தது. கொடைக்கானலிலிருந்து அவள் புருஷன் சிவமுருகன். குரலில் பல மாதங்களாக இல்லாத தெம்பு.

"புவனா, குருநாதண்ணே கூப்பிட்டாரு. கார் குடுக்கறேங்கறாரு. ராலி கார். ஸ்டீயரிங் புடிக்க இந்தக் கை இவ்வளவு மடங்குனாப் போதுமாம். கேக்குதா? எங்க இருக்க, ஒரே இரைச்சலாக் கெடக்கு?"

"கோயில்ல."

"நல்லதாப் போச்சு. எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வா."

போனை மடியில் வைத்தாள். தரையில் தன் முடி சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். வலப் பக்கம் காற்று பட்டுச் சில்லென்றிருந்தது; இடப் பக்கம் ஈர முடி தோளில் ஒட்டியிருந்தது. பாதியில் எழுந்து போகவும் வழியில்லை.

"என்னம்மா, நிறுத்தவா?" என்றார் அவர்.

"மிச்சத்தையும் இறக்குங்க," என்றாள்.

புவனாவுக்கு அந்த மண்டபம் புதிதல்ல. வாசலுக்கு எதிரேதான் அவள் அப்பா சேனாதிபதியின் சந்தனக் கடை. மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வரும் தலைகளுக்குச் சந்தனம் குழைத்துப் பூசிவிடுகிற கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை ஓரத்தில் வைத்துவிட்டு அவளும் பூச உட்காருவாள். ஒவ்வொரு தலையும் தன் வேண்டுதலைச் சொல்லிக்கொண்டே குனியும். பிள்ளை பிறந்ததற்கு, கடை பிழைத்ததற்கு, கட்டி கரைந்ததற்கு, ஓடிப்போனவன் திரும்பி வந்ததற்கு. எப்படி வேண்டுவது என்பதில் சேனாதிபதிக்குக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. மழை வேண்டும் என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. எந்த ஊருக்கு, எந்த மாசத்தில் என்று கேட்க வேண்டும். "முருகன் நம்ம வாயால சொன்னதைச் செய்றவன். மனசுக்குள்ள என்ன நெனச்சோம்னு தோண்டிப் பாக்க அவனுக்கு ஏது நேரம்? கூட்டத்தைப் பாத்தீல்ல?" என்பார்.

அன்றைக்கு அந்தக் கடையில் மகளின் தலையே முன்னால் குனிந்திருந்தது. அவர் சந்தனத்தைப் பூசிக்கொண்டே கேட்டார்.

"திருப்பிச் சொல்லு. என்னன்னு வேண்டுன?"

"இவரு பைக்கை விடணும்னு."

"ரேஸைன்னு சொல்லலையா?"

"பைக்குன்னுதாம்ப்பா வாயில வந்துச்சு."

அவர் கை கொஞ்ச நேரம் அவள் உச்சந்தலையிலேயே இருந்தது. "ஊரு சனத்துக்கெல்லாம் சந்தனம் பூசுனவ," என்றார். மிச்சச் சந்தனத்தையும் வழித்துப் பூசினார்.

சிவமுருகன் கவுஞ்சிக்காரன். கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறையைத் தாண்டி, மன்னவனூரையும் தாண்டினால் வருகிற ஊர். அவன் அப்பா திருமலைச்சாமி படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டும் உருளையும் பீன்ஸும் போடுபவர். பஸ்ஸை நம்பினால் அரை நாள் போய்விடும் என்பதால், அந்தப் பக்கத்துப் பையன்களுக்குக் கால் தரைக்கு எட்டுவதற்கு முன்பே பைக் பழகிவிடும். கூடவே மலை ரோட்டின் சட்டங்களும் பழகிவிடும். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரை நம்ப வேண்டும். கீழே இறங்குகிறவன், மேலே ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழி விட வேண்டும்; ஏற்றத்தில் சுமையோடு நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. மீறினால் ஏறி வருகிறவன் வண்டியை நிறுத்திவிட்டு அப்பன் பேரைக் கேட்பான், அவ்வளவுதான்.

ஐ.டி.ஐ. முடித்துக் கோயமுத்தூரில் ஒரு பைக் பட்டறையில் சேர்ந்தான். பட்டறைக்காரர் குருநாதன் ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவர். அந்தக் கிறுக்கு தீராமல் சின்னதாக ஒரு டீமும் வைத்திருந்தார். இவன் பழுது பார்த்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற விதத்தைக் கவனித்து, புதியவர்களுக்கான பந்தயத்தில் இவனை இறக்கினார். கடைசியாக வந்தான்.

"வளைவுக்கு வளைவு உன் எடது கட்டைவிரல் என்னத்தடா தேடுது?" என்று கேட்டார் குருநாதன்.

அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஹாரன் பொத்தானைத் தேடியிருக்கிறது. ரேஸ் வண்டியில் ஹாரன் ஏது?

அதற்கப்புறம் ஜெயிக்கத் தொடங்கினான். மழை நாளில் மற்றவர்கள் தயங்கும்போது இவன் முன்னால் போய்விடுவான். ஈர ரோடும் கண்ணை மறைக்கிற மேகமும் பிறந்ததிலிருந்து பார்த்தவன். ஆனால் ஜெயித்த பந்தயத்திலும் கட்டைவிரல் தேடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

பெண் கேட்டு வந்த தரகர், மாப்பிள்ளைக்கு மோட்டார் கம்பெனியில் உத்தியோகம் என்றுதான் சொன்னார். கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்த புதிதில், அலமாரியில் தொங்கிய, ரேஸுக்குப் போடுகிற முழு நீளத் தோல் உடுப்பைப் பார்த்துப் புவனா மூக்கைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பட்டறைக்குப் போனதும் அதைச் சோப்புத் தூளில் ஊற வைத்து, துவைக்கிற கல்லில் அடித்து, வெயிலில் காயப் போட்டுவிட்டாள். சாயங்காலம் அது மரப்பலகை மாதிரி விறைத்து நின்றது. சிவமுருகன் அதைச் சுவரில் சாத்தி வைத்துப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்னைத் துவைக்காம விட்டியே," என்றான். அந்தச் சிரிப்புக்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

பந்தயத்தை நேரில் ஒரே ஒரு முறை பார்க்கப் போனாள். எல்லா வண்டியும் ஒரே இரைச்சல், எல்லாத் தலையும் ஹெல்மெட். எது தன் புருஷன் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே, வளைவில் ஒருவன் சறுக்கினான். வண்டி ஒரு பக்கம் போயிற்று, ஆள் ஒரு பக்கம் உருண்டு புல்லில் கிடந்தான். ஓடி வந்தவர்கள் அவன் ஹெல்மெட்டைக் கழற்றும் வரை அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கழற்றினார்கள். வேறு யாரோ ஒரு பையன். அவளுக்கு வந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அந்தப் பையனுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

அந்த வாரமே பழனிக்குப் போய்ச் சன்னதியில் நின்றாள். பின்னால் கூட்டம் நெட்டியது. காவலர் "நகருங்க, நகருங்க" என்றார். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னாள். இவரு பைக்கை விடணும், முடி இறக்குறேன்.

அடுத்த வருஷம் சென்னைப் பந்தயத்தில் சிவமுருகன் விழுந்தான். வலது மணிக்கட்டு நொறுங்கியது. தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் கை பின்பக்கமாக மடங்க மறுத்துவிட்டது. கை மடங்காமல் ஆக்சிலேட்டரைத் திருக முடியாது. முன் பிரேக்கும் அந்தக் கைக்குத்தான். கொடைக்கானலில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கைப்பிள்ளை ராஜகுமாரியை மடியில் போட்டுக்கொண்டு, துடைப்பக் கட்டையைப் பிடித்து அவன் திருகித் திருகிப் பார்ப்பதைச் சமையலறையிலிருந்து புவனா பார்ப்பாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கொடுக்கிறவனுக்கு இதைவிட்டால் வேறு வழியே கிடைக்கவில்லையா என்று நினைப்பு ஓடும். உடனே வாய்க்குள்ளேயே மன்னிப்பும் கேட்டுக்கொள்வாள். ஒரு நாள் அவனாகவே, "இனிமே பைக் ஆகாது புவனா," என்றான். அதன் பிறகுதான் அவள் மொட்டைக்கு நாள் பார்த்தது.

அன்று மாலை பழனி பஸ் கொடைக்கானல் வந்து நின்றபோது, அவன் மகளைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். புவனா இறங்கும்போது தலைத் துண்டு நழுவியது.

"என்ன புள்ள இது, சொல்லாமக்கொள்ளாம?"

"நீங்க பைக்கை விட்டதுக்கு வேண்டியிருந்தேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. "அப்பக் கணக்கு சரியாப் போச்சு. பைக்கை விட்டாச்சு, முடியும் இறக்கியாச்சு. காரைப் பத்திப் பேச்சே இல்லேல்ல?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதை நினைத்து அன்று ராத்திரி முழுக்கத் தன்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

அவன் சும்மா இருக்கவில்லை. பூம்பாறைக் குழந்தை வேலப்பரிடம் போய், கார் ராலியில் பட்டம் ஜெயித்தால் காவடி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். கேள்விப்பட்ட அவன் அம்மா இருளாயி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏ புவனா, நீ பழனியில சொல்லிருக்க, இவன் பூம்பாறையில சொல்லிருக்கான். ரெண்டு எடத்துலயும் இருக்கறது ஒரே புள்ளதான? அது யாரு பேச்சைக் கேக்கும், பாவம்?"

ராலி என்பது வட்டமாகச் சுற்றுகிற பந்தயம் அல்ல. காட்டு ரோடு, எஸ்டேட் ரோடு, செம்மண் பாதை. எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, வரப்போகிற வளைவுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டே வருவார். சிவமுருகனுக்கு அப்படி வாய்த்தவன் அஜய், திண்டுக்கல் பையன், வாய் ஓயாதவன்.

"அண்ணே, சாயாதீங்க," என்பான் அஜய். "நீங்க சாஞ்சா காருக்குத் தெரியாதுண்ணே."

பைக்கில் உடம்புதான் பாதி வண்டி. வளைவில் உள்பக்கம் சாய்ந்தால் வண்டியும் கூடச் சாயும். காரோ எதிர்ப்பக்கம் தள்ளும். முதல் வருஷம் முழுக்க அவன் பெல்ட்டை இழுத்துக்கொண்டு சாய்ந்து, தோளெல்லாம் கன்றிப்போய் வீட்டுக்கு வருவான். புவனா எண்ணெய் தடவிவிடுவாள். இன்னொன்றும் இருந்தது. குருட்டு வளைவு வந்தால் அவன் உள்ளங்கை ஸ்டீயரிங்கின் நடுவில் போய்த் தட்டும். அங்கே ஒன்றும் இருக்காது. "யாரைண்ணே கூப்பிடுறீங்க, காட்டுமாட்டையா?" என்று அஜய் கத்துவான். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்போது, புவனா காப்பி ஆற்றிக்கொண்டே நிற்பாள். சிரிக்கவும் செய்வாள்.

ராலி நாட்களில் மகளைத் தூக்கிக்கொண்டு கவுஞ்சிக்குப் போய்விடுவாள். அங்கே வயலில் சிக்னல் கிடையாது; மேலே தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் போன் கொஞ்சம் எடுக்கும். பூண்டு பிடுங்குகிறபோது அவள் கண் தொட்டிப் பக்கமே இருக்கும்.

"ஏத்தா, பூண்டைப் புடுங்கறயா, புல்லைப் புடுங்கறயா?" என்பாள் இருளாயி. "போ, போயி அந்தத் தொட்டிகிட்டயே நில்லு. சோலி கெட்டுப் போகுது."

இன்னொரு தடவை பழனியில் போய்ச் சரியாகக் கேட்டுவிட்டால் என்ன? பல முறை அடிவாரம் வரை போனாள். இந்தத் தடவை வார்த்தை தெளிவாக இருந்தது: எந்த ரேஸும் வேண்டாம், எந்த வண்டியிலும் வேண்டாம். படியில் கால் வைக்கும்போதுதான் பயம் வரும். போன தடவை கேட்டதற்கு ஒரு மணிக்கட்டு போயிற்று. இப்போது கேட்டால் எதை ஒடித்துக் கொடுப்பான்? காரை விட வைக்க முதுகெலும்பா, கழுத்தா? கேட்டால் கொடுக்க மாட்டான் என்றால் துணிந்து கேட்கலாம். கொடுத்துவிடுகிறவனிடம் எப்படிக் கேட்பது? அப்பா கடையில் உட்கார்ந்து நாலு பேருக்குச் சந்தனம் பூசிவிட்டு, மலை ஏறாமலே பஸ் ஏறிவிடுவாள். சேனாதிபதி பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்க மாட்டார்.

மூன்றாவது வருஷம், அவன் பிரிவில் பட்டம் கைக்கெட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. கடைசி ராலியில் ஜெயிக்கக்கூட வேண்டாம், காரை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தால் போதும் என்று குருநாதனே சொல்லியிருந்தார். கவுஞ்சியில் அவன் சிநேகிதர்கள் காவடிக்கு மயில்பீலி வாங்கி வைத்துவிட்டார்கள். புவனா தண்ணித் தொட்டி அருகில் நின்றாள். மதியம் தாண்டிப் போன் அடித்தது. அஜய்.

"மதினி," என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

அவள் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "உசுரு இருக்கா?"

"ஐயோ, அண்ணனுக்கு ஒண்ணுமில்ல மதினி. ஒரு கீறல் இல்ல. எனக்கும் ஒண்ணுமில்ல. காருக்கும் ஒண்ணுமில்ல." பிறகு அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாத குரலில் சொன்னான். "அண்ணன் வழி விட்டுட்டாரு மதினி."

நடந்தது இதுதான். காப்பி எஸ்டேட் வழியாகக் கீழே இறங்குகிற ரோடு. இவர்களுக்கு முன்னால் போன கார் ஒரு வளைவில் சுழன்று, மூக்கு மேல் பக்கம் திரும்பி நின்றுவிட்டது. அதை ஓட்டியவன் வண்டியைத் திருப்ப இடம் தேடி, மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தான். சிவமுருகன் வளைவைத் திரும்பினான். எதிரே, ஏற்றத்தில், விளக்குப் போட்டுக்கொண்டு ஒரு வண்டி ஏறி வருகிறது. ரோடு அடைத்த ரோடு, பந்தய ரோடு, ஒரு பக்கமாகப் புகுந்து போய்விடலாம், இடம் இருக்கிறது. "போங்கண்ணே, போங்க" என்று அஜய் கத்தினான். அதற்குள் சிவமுருகனின் கையும் காலும் கவுஞ்சிக்காரன் கையும் காலுமாகிவிட்டன. மலைப் பக்கம் ஒடித்து ஒதுங்கி நின்றான். இடது சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஏறி வந்தவன் இவர்களைத் தாண்டிப் போய், மேலே திருப்பிக்கொண்டு, மறுபடி இவர்களைத் தாண்டிக் கீழே போனான். போகும்போது கையை வேறு காட்டினானாம். கால்வாயிலிருந்து காரைத் தூக்கி எடுப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது, பட்டமும் போயிற்று.

"ஏண்ணே நின்னீங்கன்னு கேட்டேன் மதினி. ஏறி வர்றான்ல, அப்படின்னாரு."

புவனா செம்மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தனையும் சந்தோஷம். எதையும் ஒடிக்காமல், யாரும் கேட்காமலே, ஒரு கால்வாய்க்குள் காரைப் பதமாக இறக்கி வைத்திருக்கிறான் முருகன். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

ஊர் அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பின்ன, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடாம என்ன செய்வான்?" என்றார் திருமலைச்சாமி. கேட்டவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். அதுதான் சிவமுருகனால் தாங்க முடியாததாக இருந்தது. ஒருவராவது மடையா என்று திட்டியிருக்கலாம். மயில்பீலியைப் பரணில் போட்டார்கள். அடுத்த பருவத்துக்குக் குருநாதனிடமிருந்து போன் வரும் என்று காத்திருந்தான். வராது என்று யாரும் சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் காரில் வேறு ஒரு சின்ன வயசுக்காரன் ஏறிவிட்டான் என்று அஜய் மூலம் தெரிந்தது. பக்கத்தில் படித்துச் சொல்கிறவனும் அஜய்தான். அதைச் சொல்லும்போது வாய் ஓயாத அஜய்க்கும் வார்த்தை தட்டியது.

சிவமுருகன் டாக்சி ஸ்டாண்டில் சேர்ந்து டூரிஸ்ட் வண்டி எடுத்தான். ஏரி, தூண் பாறை, பைன் மரக் காடு, மன்னவனூர் ஆட்டுப் பண்ணை. வருகிறவர்கள் அவனை மெச்சினார்கள். இவ்வளவு நிதானமாக ஓட்டுகிற டிரைவரைப் பார்த்ததில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்தால் வண்டியை விட்டு இறங்க மாட்டான். நிறுத்திய வண்டிக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். மகள் போய்க் கதவைத் தட்டினால் இறங்கி வருவான். சோறு போட்டால் சாப்பிடுவான். எதைச் சொன்னாலும் சரி என்பான். தோல் உடுப்பு கதையை அவள் வேண்டுமென்றே எடுத்தாள். "ஆமா, துவைச்சேல்ல," என்றான்.

கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்று இருந்தவளை ஒரு நாள் கடைவீதியில் வேலப்பன் நிறுத்தினான். டாக்சி ஸ்டாண்டில் எல்லோருக்கும் முறை போட்டு விடுகிறவன், அவள் புருஷனைவிட இளையவன்.

"மதினி, அண்ணனை ஒரு வார்த்தை கேளுங்க. வெள்ளனே பூம்பாறைப் பக்கம் வண்டி போகுது."

"சவாரியா இருக்கும்."

"வெறும் வண்டி மதினி. காய் ஏத்திட்டு வர்ற பிக்கப்காரனுக எங்கிட்ட வந்து சத்தம் போடுறானுக. மேகத்துக்குள்ள இருந்து திடீர்னு வருதாம், ஹாரனே இல்லாம. நம்ம ஊருல எவனாச்சும் ஹாரன் அடிக்காம வளைவு திரும்புவானா? அதான் சொல்றேன்."

அவள் காய்கறிப் பையோடு அப்படியே நின்றாள். ராலியில் ரோடு அடைத்திருக்கும். தலையில் ஹெல்மெட், உடம்பைச் சுற்றிப் பெல்ட், கூப்பிடு தூரத்தில் ஆம்புலன்ஸ். பக்கத்தில் வாய் ஓயாத ஒருவன். இங்கே எதுவும் இல்லை. எதிரே வருகிறவனுக்கு இது பந்தயம் என்றுகூடத் தெரியாது.

அன்று மத்தியானம் குருநாதனுக்கு அவளே போன் போட்டாள். "அண்ணே, அவருக்கு ஒரு கார் குடுங்க," என்றாள்.

மறுமுனையில் பட்டறைச் சத்தத்தை விட்டு அவர் வெளியே நடந்து வருவது கேட்டது. "இதை நீ கேக்கறியாம்மா?" என்றார் குருநாதன். "எங்கிட்ட இருந்ததே ஒரு காரு. அதுவும் இப்ப எங்கையில இல்ல. அவனை நெனச்சா எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னா நெனக்கற?"

புருஷனைக் கேட்டாள். "சும்மா, வண்டியைச் சூடு பண்ணிட்டு வந்தேன்," என்றான். போக வேண்டாம் என்றாள். சரி என்றான். மறுநாள் விடிவதற்குள் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. சாவியை ஒளித்து வைத்தாள். அவன் கோபப்படவில்லை, சாவி கிடைக்கும் வரை கட்டிலில் உட்கார்ந்தே இருந்தான். சவாரிக்கு நேரமாயிற்று, ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது, அவளே எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டு மொட்டை மாடியிலிருந்து, மேகம் விலகுகிற நாட்களில், வடக்கே கீழே பழனிச் சமவெளி தெரியும். துணி காயப் போட வந்தவள் அந்தப் பக்கம் பார்த்தாள். கையைக் கூப்பப் போனாள். எதைச் சொல்லிக் கேட்பது? வண்டியை விடச் சொல்லிக் கேட்டால் கொடுப்பான். கொடுக்கிற விதம் அவளுக்குத் தெரியும். திரும்ப ராலி ஓட்ட வேண்டும் என்று கேட்டால் அதையும் கொடுப்பான். ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

அடுத்த நாள் அவன் எழுந்தபோது அவள் முகம் கழுவி, ஸ்வெட்டர் போட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தூங்குகிற மகளைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"நீ எங்க?"

"நானும் வர்றேன்."

அவன் கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்தான். முன் கதவைத் திறந்துவிட்டான்.

ஊரைத் தாண்டும் வரை மெதுவாகத்தான் போனான். மரங்கள் நெருங்கத் தொடங்கியதும் வண்டியின் குரல் மாறியது. அவள் அவனைப் பார்த்தாள். மாதக்கணக்காகத் தொங்கிப் போயிருந்த முகம் இறுகி, கண் கூர்மையாகி, கல்யாணமான புதிதில் பார்த்த ஆளாக இருந்தான். அது அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. இந்த முகத்தைத்தான் அவள் இத்தனை நாள் சோற்றிலும் பேச்சிலும் தேடிக்கொண்டிருந்தாள். அது இங்கே, இந்த ரோட்டில்தான் இருந்திருக்கிறது.

மேகம் ரோட்டின் மேல் படுத்திருந்தது. முதல் வளைவு. வண்டியின் பின்பாகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்து ஒட்டியது. அவள் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் கைகளையே கவனித்தாள். இரண்டாவது வளைவு. உள்ளங்கை ஸ்டீயரிங்கின் நடுப் பக்கம் போகவில்லை. ஹாரன் இல்லாத வண்டிகளில் இத்தனை வருஷம் ஹாரனைத் தேடிய கை, ஹாரன் இருக்கிற வண்டியில் தேடவில்லை.

நிறுத்துங்க என்று சொல்ல வாயெடுத்தாள். நிறுத்துவான். சரி என்பான். நாளைக்கு அவள் எழுவதற்கு முன்னால் கிளம்பிப் போவான்.

மூன்றாவது வளைவு மேகத்துக்குள் ஒரு வெள்ளைச் சுவராக நின்றது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து, வலது கையை நீட்டி, அவனுடைய இரண்டு கைகளுக்கும் நடுவே ஸ்டீயரிங்கை அழுத்தினாள். ஹாரன் அலறியது. பள்ளத்தாக்கில் போய் மோதித் திரும்பி வந்தது.

"என்ன புள்ள பண்ற?"

"நீங்க ஓட்டுங்க," என்றாள். அழுத்திய கையை எடுக்கவில்லை.

கீழேயிருந்து, மேகத்துக்குள் எங்கோ, ஒரு பிக்கப் வண்டி பதிலுக்கு ஹாரன் அடித்தது. சுமையோடு ஏறுகிற வண்டியின் முனகல் கேட்டது. சிவமுருகனின் கால் தானாகவே தளர்ந்தது. மலைப் பக்கம் ஒதுங்கி நின்றான். காரட் மூட்டைகள் முட்டிக்கொண்டு நின்ற அந்த வண்டி, அவர்களை உரசாத குறையாக மெல்ல மெல்ல ஏறிக் கடந்தது. ஓட்டியவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

சிவமுருகன் உடனே வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் மேகம் வந்து நீராக வழிந்தது.

"நாளைக்கும் வருவியா?" என்று கேட்டான்.

"வருவேன்."

"நாளன்னைக்கு?"

அவள் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும், மழை வந்துவிடும், ஒரு நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வரும். அவன் கியரைப் போட்டான். வண்டி நகர்ந்தது, வேகம் எடுத்தது. அடுத்த வளைவு மேகத்துக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் மறுபடி சாய்ந்து கையை நீட்டினாள்.